சிலிண்டரை முதலில் தராசில் வையுங்கள்

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டு கார் ஷெட்டில் ஒரு 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மிக் மெஷின் (வயரை உருக்கி ஒட்டும், காற்று படாமல் இருக்கக் கேஸ் ஊதும் வெல்டிங் மெஷின்), 0.8 மில்லிமீட்டர் வயர், 4.5 கிலோ சிஓ2 சிலிண்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை. மூன்று வாரத்தில் வயர் ஒரு கிலோதான் ஓடியிருக்கிறது, ஆனால் சிலிண்டர் காலி. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஃப்ளோவில் பீடு (வெல்டிங் கோடு) முழுக்க ஊசி ஓட்டை விழுந்ததால் 18-க்கு ஏற்றிவிட்டார். அப்போதும் அங்கங்கே ஓட்டை. கேஸ் செலவு குறைய ஃப்ளோவை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

ஃப்ளோமீட்டரை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். உங்கள் கேஸில் பெரும்பகுதி நீங்கள் வெல்டிங் செய்யும்போது போகவில்லை. வாரநாளில் நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது போகிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கணக்கு உதைக்கிறது. 0.8 வயர் நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 24 கிராம் உருகும். அப்படியானால் ஒரு கிலோ வயர் தீர 42 நிமிடம் ஆர்க், அதாவது வயர் முனையின் மின்பொறி, எரிய வேண்டும். 10 லிட்டர் ஃப்ளோவில் அதற்கு 420 லிட்டர் கேஸ் போதும். ஒரு கிலோ சிஓ2 ஆவியானால் சுமார் 550 லிட்டர் வரும். ஆக, ஒரு கிலோ வயருக்கு முக்கால் கிலோ கேஸ். ஷீட் வேலையில் வயர் இன்னும் மெதுவாக ஓடும், அதனால் ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல 18-ல் வைத்து ஊதினாலும் ஒன்றரை கிலோ சொச்சம்தான் ஆகும். மீதி கிட்டத்தட்ட 3 கிலோ எங்கே?

3 கிலோ என்பது 1650 லிட்டர். அதை 21 நாளுக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு 55 மில்லி வருகிறது. சின்ன காபி டம்ளரில் அரை டம்ளர். ஒரு நிமிடத்தில் அவ்வளவு காற்று கசிந்தால் காதுக்குக் கேட்காது, மூக்குக்கும் தெரியாது, சிஓ2-வுக்கு வாசனை கிடையாது. வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுகிறேன் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. மெஷின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலை எடை போடுவது. சிஓ2 சிலிண்டரில் ப்ரஷர் கேஜை நம்பி மிச்சம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. உள்ளே இருப்பது திரவம். 20 டிகிரியில் கேஜ் சுமார் 57 பார் காட்டும், 25 டிகிரியில் 64 பார் காட்டும், சிலிண்டர் முக்கால் பங்கு நிறைந்திருந்தாலும் சரி, அடியில் அரை கிலோ திரவம் மட்டும் கிடந்தாலும் சரி. கடைசித் துளி திரவம் ஆவியான பிறகுதான் ஊசி இறங்க ஆரம்பிக்கும், அதற்கப்புறம் சரசரவென்று இறங்கிவிடும். "நேற்றுவரை ஃபுல்லாக இருந்தது சார், இன்னைக்கு திடீர்னு தீர்ந்துடுச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, கேஜ் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கும். மே மாத மதியத்தில் ஷெட் 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், ஆவி என்ற பிரிவே போய்விடுகிறது. அப்போது ஊசி காலையில் ஓரிடத்திலும் மதியம் வேறிடத்திலும் நிற்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சிலிண்டரின் தோளில் காலி எடை குத்தியிருக்கும். வீட்டில் உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின் இருந்தால் போதும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரை நிறுத்தி எடை போட்டு, காலி எடையைக் கழித்தால் கையிருப்பு தெரிந்துவிடும். சுவரில் சாக்பீஸால் தேதியும் எடையும் எழுதி வையுங்கள். வயர் ஸ்பூலையும் சமையலறைத் தராசில் ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இரண்டையும் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஒரு கிலோ வயருக்கு ஒரு கிலோ கேஸ் போனால் சரியாக இருக்கிறது. இரண்டு கிலோ போனால் எங்கேயோ ஓட்டை.

ஆர்கான் கலவை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆர்கான் உள்ளே வாயுவாகவே இருப்பதால் கேஜ் உண்மையைப் பேசும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் என்றால் 1500 லிட்டர், 75 பார் என்றால் அதில் பாதி.

இப்போது கசிவு. இங்கே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். மெஷினுக்குள் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு ஒன்று இருக்கிறது. டார்ச் என்ற கைப்பிடித் துப்பாக்கியின் டிரிகரை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். சிலிண்டரிலிருந்து அதுவரை உள்ள பாகம் சிலிண்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அழுத்தத்தில் இருக்கும். அங்கே கசிந்தால் இரவும் பகலும் காசு போகும், ஆனால் பீடு நன்றாகவே விழும். சோலனாய்டுக்கு அப்புறம் டார்ச்சின் வாயான நாசில் வரை உள்ள பாகத்தில் டிரிகர் அழுத்தும்போது மட்டும்தான் கேஸ் ஓடும். அங்கே கசிந்தால் காசு பெரிதாகப் போகாது, பீடுதான் கெடும். உங்களுக்கு இரண்டு புகாரும் இருக்கிறது. அநேகமாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோளாறு.

சோலனாய்டுக்கு முன்பக்கத்தை, அதாவது சிலிண்டர் பக்கத்தை, பார்க்க ஒரு சோதனை. சிலிண்டரைத் திறந்து, அழுத்தம் ஏறியதும் வால்வை இறுக்கி மூடுங்கள். டிரிகரைத் தொடாதீர்கள். சிலிண்டர் பக்கத்து கேஜின் ஊசி நிற்கும் இடத்தில் கண்ணாடி மேல் மார்க்கரால் ஒரு கோடு. கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். நல்ல லைன் என்றால் ஊசி கோட்டின் மேலேயே இருக்கும். உங்கள் அளவுக்குக் கசிவு இருந்தால் அதற்குள் நன்றாகவே இறங்கியிருக்கும்.

இறங்கியிருந்தால், பாத்திரம் விளக்கும் லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். சிலிண்டரைத் திறந்து வைத்துத்தான் தடவ வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவுக்கு ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால்தான் கடுகளவு குமிழி எழும். முதல் சந்தேகம் ரெகுலேட்டர் நட்டுக்குள் இருக்கும் வாஷர் மேல். சிஓ2 வால்வில் அடைப்பது அந்த வாஷர்தான், மரை இல்லை. மரையில் டெஃப்லான் டேப் சுற்றி எந்தப் பயனும் இல்லை, பிசிறு உள்ளே போய் ரெகுலேட்டரைக் கெடுக்கும், அவ்வளவுதான். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் வாஷரைத் தடவிப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள். அடுத்து ரெகுலேட்டர் வெளிவாய், ஹோஸ் கிளிப், மெஷின் பின்பக்க நிப்பிள். சிலிண்டர் வால்வின் கைப்பிடித் தண்டைச் சுற்றியும் தடவுங்கள். அங்கே நுரைத்தால் நீங்களே திறக்கப் பார்க்காமல் சிலிண்டரை நிரப்பிய கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டறை வைத்த புதிதில் எனக்கு இதே கதை நடந்தது. கிளிப்பை மூன்று தடவை மாற்றினேன், வாஷர் மாற்றினேன், சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை, ஆனால் ஊசி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்து சைக்கிள் கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "ட்யூபை வாளியில முக்காம எப்படிண்ணே பஞ்சர் தெரியும்?" என்றார். ஹோஸின் மெஷின் முனையைக் கழற்றி, அதில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி, அழுத்தம் கொடுத்து, ஒரு முழம் ஒரு முழமாக வாளித் தண்ணீரில் முக்கினோம். மெஷினுக்குப் பின்னால் சுவரில் இடித்து வளைந்து கிடந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. ஹோஸை நேராகப் பிடித்தால் மூடிக்கொள்ளும், வளைந்தால் திறக்கும். சோப்புத் தண்ணீர் தடவ நான் ஒவ்வொரு தடவையும் மெஷினை முன்னால் இழுத்து ஹோஸை நிமிர்த்திவிட்டிருக்கிறேன், பிறகு எப்படித் தெரியும்?

கசிவை அடைத்தாலும் அடைக்காவிட்டாலும், வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சாப்பிடப் போனாலும் மூடுங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை 27,000 லிட்டர். கதவு, ஜன்னல் அடைத்த அந்த அறையில் ஒரு கிலோ சிஓ2 கசிந்தால் காற்றில் 2 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் அளவு அரை சதவீதம்தான். சிலிண்டர் முழுக்கக் கசிந்தால் 9 சதவீதத்துக்குப் போகும், அதில் ஆள் மயங்கி விழலாம். சிஓ2 காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஷெட்டில் காருக்கு அடியில் வேலை செய்யப் பள்ளம் வெட்டியிருந்தால் அதில்தான் முதலில் நிறையும். வீட்டுக்குள், படுக்கையறைப் பக்கம் சிலிண்டர் வைக்கவே வேண்டாம்.

சரி, ஊசி ஓட்டைக்கு வருவோம்.

ஓட்டை ஏன் விழுகிறது என்று தெரிந்தால், ஃப்ளோவைக் கூட்டுவது ஏன் பலிக்கவில்லை என்பதும் புரியும். நாம் போடும் இஆர்70எஸ்-6 வயரில் மாங்கனீசும் சிலிக்கனும் சேர்த்திருப்பார்கள், ஆக்சிஜனைப் பிடித்துக் கசடாக மாற்றுவது அவற்றின் வேலை. பீடு மேல் பழுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். சிஓ2 ஆர்க்கில் உடைந்து ஆக்சிஜன் விடுவதை அவை சமாளித்துவிடும். வெளிக்காற்றில் வரும் நைட்ரஜனை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. உருகிய இரும்பில் நைட்ரஜன் நன்றாகக் கரையும். இரும்பு உறையும்போது கரைந்தது வெளியேறப் பார்க்கும். வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்ட குமிழிதான் உங்கள் ஊசி ஓட்டை. ஆகவே கேள்வி, கேஸ் எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில்லை, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான்.

மேலே ஃபேன் ஓடுகிறதா? இதைத்தான் நான் யாரிடமும் முதலில் கேட்பேன். 12 மில்லிமீட்டர் வாயுள்ள நாசிலிலிருந்து 10 லிட்டர் ஃப்ளோவில் கேஸ் வெளிவரும் வேகம், கணக்குப் போட்டால், நொடிக்கு ஒன்றரை மீட்டர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் அது. சீலிங் ஃபேனோ டேபிள் ஃபேனோ நேராக அடித்தால் காற்று அதைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் வந்து கேஸ் திரையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். 18 லிட்டரில் கேஸின் வேகம் இரண்டரை மீட்டருக்கு மேல் போகிறது, ஃபேனோடு ஓரளவு மல்லுக்கட்டும். அதனால்தான் உங்களுக்குப் பாதி இடத்தில் ஓட்டை இல்லை, பாதி இடத்தில் இருக்கிறது. ஃபேனை அணையுங்கள், அல்லது அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பி வையுங்கள். ஷெட்டின் கதவுப் பக்கம் ஒரு பழைய ப்ளைவுட் பலகையோ தகரமோ சாய்த்து நிறுத்துங்கள். அதற்காக எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். சிஓ2 ஆர்க்கில் கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது, புகையும் இருக்கிறது. பீடு பக்கத்தில் காற்று அசையக்கூடாது, அறைக்குள் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இரண்டும் நடக்கும்.

மொட்டை மாடி வேலை என்றால் மிக் மெஷினை எடுத்துக்கொண்டு ஏறவே வேண்டாம். ராடு வெல்டிங் செய்யுங்கள், இல்லையென்றால் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் இணைப்பு) மாற்றி, கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் வயர் போடுங்கள். மாடிக்காற்றோடு கேஸை வைத்துச் சண்டை போட்டு ஜெயித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃப்ளோவை அதிகம் ஏற்றினால் இன்னொரு வினையும் உண்டு. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக விழும். முழுக்கத் திறந்தால் கொந்தளித்து, வெள்ளையாக, காற்றுக் குமிழியோடு விழும். கேஸும் அப்படியே. 12 மில்லிமீட்டர் நாசிலில் 20 லிட்டரை ஒட்டிப் போனால் திரை கொந்தளிக்கத் தொடங்கி, வெளிக்காற்றைத் தானே சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டை விழும், வெல்டிங் செய்பவர் இன்னும் ஏற்றுவார், இன்னும் விழும். பலருக்கும் கேஸ் வீணாவது இந்தச் சுழலில்தான்.

ஃபேன் இல்லை, காற்றில்லை, அப்போதும் ஓட்டை என்றால் சோலனாய்டுக்குப் பின்பக்கத்தை, அதாவது டார்ச் பக்கத்தை, பாருங்கள். வயர் ரோலரின் அழுத்தக் கையைத் தூக்கிவிடுங்கள், வயர் ஓடாது. சிறிய பிளாஸ்டிக் ஃப்ளோ டெஸ்டர் ஒன்று கிடைக்கும், குழாய்க்குள் ஒரு குண்டு மிதக்கும், அதிக விலையில்லை. அதை நாசில் வாயில் வைத்து டிரிகரை அழுத்துங்கள். ரெகுலேட்டரில் 10 காட்டும்போது இங்கேயும் ஒன்பதரை, பத்து வர வேண்டும். ஆர்கானுக்கு அளவு போட்ட டெஸ்டரில் சிஓ2 ஓடினால் 5 சதவீத வித்தியாசம்தான் வரும், அதை விட்டுத்தள்ளலாம். ஆனால் 6 வந்தால் 4 லிட்டர் நடுவில் எங்கேயோ தப்பிக்கிறது. யூரோ கனெக்டரில் டார்ச் செருகும் இடத்தில், கேஸ் போகும் பித்தளைக் குழல் மேல் ஒரு ஓ-ரிங் இருக்கும். அது தேய்ந்தோ அறுந்தோ போயிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். டார்ச்சைக் கழற்றி மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவாமல் அமுக்கினால் அறுந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், லைனரின் (டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் குழல்) பின்முனையில் கேஸ் கசியாமல் இருக்க வைத்திருக்கும் அடைப்பைப் பாருங்கள். அது இல்லையென்றால் கேஸ் முன்னால் வருவதற்குப் பதில் லைனர் வழியாகப் பின்னால் ஓடி வயர் ரோலர் பக்கம் வெளியே வரும். டிரிகரை அழுத்திக்கொண்டு ரோலர் அருகே காதை வைத்தால் மெல்லிய உஸ் சத்தம் கேட்கும். லைனர் மாற்றிய பிறகு ஓட்டை ஆரம்பித்தது என்றால் அநேகமாக இதுதான்.

டெஸ்டரில் பத்து வருகிறது, ஆனாலும் ஓட்டை. அப்போது நாசிலுக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளி) ஒரு பக்கம் அப்பியிருந்தால் கேஸ் மொத்தமும் மறுபக்கம் சாய்ந்து வரும். அளவு சரி, வடிவம் தப்பு. கேஸைப் பிரித்துவிடும் டிஃப்யூசரின் சின்ன ஓட்டைகளில் இரண்டு அடைத்திருந்தாலும் இதே கதி. பத்து நிமிட வேலைக்கு ஒரு தடவை நாசிலைச் சுரண்டிவிடுங்கள். வயர் வெளிவரும் டிப்புக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே 10, 12 மில்லிமீட்டர் இருக்கட்டும். புதிதாகப் பழகுபவர்கள் பீடு தெரியவில்லை என்று டார்ச்சைத் தூக்கித் தூக்கி 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே எந்த ஃப்ளோவும் பத்தாது. டார்ச்சை ரொம்பச் சாய்த்தாலும் பின்பக்கம் காற்று புகும், நிமிர்ந்த நிலையிலிருந்து 10, 15 டிகிரி சாய்வு போதும்.

இவ்வளவுக்கும் அப்புறம், பொருளையும் பாருங்கள். ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சை கிரைண்டரில் எடுக்காமல் அடித்தால் உலகத்தில் உள்ள கேஸ் எல்லாம் ஊற்றினாலும் ஓட்டை விழும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே ஆவியாகி பீடைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த வெள்ளைப் புகை உடம்புக்கும் ஆகாது. பெயின்ட், எண்ணெய், துரு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கேஸ் மேல் விழும் பழியில் பாதி கிரைண்டர் மேல் விழ வேண்டியது.

இப்போது ஃப்ளோமீட்டரைத் தொடலாம். ரோலரைத் தூக்கிவிட்டு, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே குண்டு எங்கே மிதக்கிறது என்று பார்த்து வையுங்கள், கேஸ் ஓடாதபோது வைத்த அளவு பொய். 12-ல் ஆரம்பியுங்கள். நன்றாகச் சுரண்டிய 3 மில்லிமீட்டர் ஃப்ளாட் பட்டையில் இரண்டு அங்குல பீடு. அடுத்தது 11, அதற்கடுத்தது 10 என்று ஒவ்வொரு லிட்டராக இறக்கிக்கொண்டே வந்து, பக்கத்தில் சாக்பீஸால் எண் எழுதுங்கள். ஏதோ ஓரிடத்தில், 6-லோ 5-லோ, பீடு மங்கிச் சாம்பல் பூத்து ஓட்டை தலைகாட்டும். அதற்கு மேல் 2 லிட்டர் கூட்டினால் அதுதான் உங்கள் ஷெட்டுக்கு, உங்கள் டார்ச்சுக்கு, உங்கள் கைக்கு ஏற்ற அளவு. காற்றில்லாத இடத்தில் 0.8 வயருக்குப் பெரும்பாலும் 8-க்கும் 10-க்கும் இடையில் வந்து நிற்கும். வயர் விட்டத்தைப் பத்தால் பெருக்கு என்று பட்டறையில் சொல்வதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், 0.8-க்கு 8, 1.2-க்கு 12. உள்மூலையில் கேஸ் தங்கும், அந்த அளவே தாராளம். வெளிமூலையில் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும், அங்கே மட்டும் 2 லிட்டர் ஏற்றுங்கள்.

டேக், அதாவது பொருளைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டிங், வைப்பதைப் பற்றிச் சிலர் ரொம்பக் கவலைப்படுவார்கள். அதிலும் விஷயம் இருக்கிறது. டிரிகரை விட்டதும் ரெகுலேட்டர் ஹோஸை முழு அழுத்தத்துக்கு நிரப்பி வைத்துவிடும். அடுத்த அழுத்தலில் அந்த மிச்சம் ஒரே மூச்சில் பீச்சும், டிரிகரைத் தொட்டதும் டஸ் என்று கேட்கிறதே, அதுதான். 6 மில்லிமீட்டர் உள்விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள ஹோஸில் 85 மில்லி இடம் இருக்கிறது. அழுத்தம் மூன்றரை பார் என்று வைத்தால் ஒவ்வொரு தடவையும் சுமார் 0.3 லிட்டர் வீணாகப் போகும். ஒரு நொடி டேக்குக்கு உண்மையில் தேவை 0.17 லிட்டர். மெஷினில் போஸ்ட் ஃப்ளோ (டிரிகரை விட்ட பிறகும் கேஸ் ஓடும் நேரம்) 2 நொடி வைத்திருந்தால் அது இன்னொரு 0.33. ஆக 0.17 லிட்டர் வேலைக்கு 0.8 லிட்டர் செலவு.

கேட்பதற்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு இரும்பு கேட்டுக்கு 60 டேக் என்றால் மொத்தமே 48 லிட்டர், நூறு கிராமுக்கும் குறைவு. அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பழைய கார் பாடியில் ஷீட் மாற்றுபவர் கதை வேறு. ஷீட் நெளியாமல் இருக்கப் புள்ளி புள்ளியாக 500 டேக் வைப்பார், 400 லிட்டர் போகும், அதில் 80-சொச்சம்தான் வேலை செய்த கேஸ். 10 லிட்டர் ஆர்கான் கலவை சிலிண்டரில் கால் பங்குக்கு மேல் அது. அவர் ஹோஸை ஒரு மீட்டருக்கு வெட்டி, 4 அல்லது 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கனத்த ஹோஸுக்கு மாற வேண்டும், போஸ்ட் ஃப்ளோவை அரை நொடிக்கு இறக்க வேண்டும். ஃப்ளோவைக் கட்டுப்படுத்தும் வால்வை ரெகுலேட்டர் பக்கத்தில் வைக்காமல் மெஷின் நுழைவாயிலில் வைத்தாலும் பீச்சல் நின்றுவிடும், ஹோஸில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்பதால். போஸ்ட் ஃப்ளோவைச் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். கடைசிக் குழி உறையும்வரை கேஸ் வேண்டும். பீடு முடிந்ததும் டார்ச்சை வெடுக்கென்று தூக்கும் பழக்கம் இருந்தால் போஸ்ட் ஃப்ளோ எவ்வளவு வைத்தும் புண்ணியமில்லை, கேஸ் காற்றுக்குத்தான் போகும்.

ரெகுலேட்டர் மேல் பனி படிவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். திரவ சிஓ2 ஆவியாகும்போதும் அழுத்தம் விழும்போதும் குளிரும். உங்கள் அளவு வேலைக்கு மேலே லேசாக வெண்மை படிந்தால் கவலையில்லை. நீளமான பீடாகத் தொடர்ந்து அடித்தால் உள்ளே ஐஸ் அடைத்து ஃப்ளோ ஏறி இறங்கும், அப்போது ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் தேவை. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலும் சரியாகிவிடும். டார்ச் லைட்டர், கேஸ் அடுப்பு, கொதிதண்ணீர் இவற்றை மட்டும் சிலிண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பனி அளவுக்கு மீறிப் படிந்தால், அல்லது நாசிலிலிருந்து வெள்ளைத் தூள் மாதிரி ஏதாவது வந்தால், இன்னொன்றைச் சந்தேகப்படுங்கள். 4.5 கிலோ என்பது தீயணைப்பான் அளவு. தீயணைப்பானுக்குச் செய்த சிஓ2 சிலிண்டரில் வால்விலிருந்து அடிவரை ஒரு குழாய் தொங்கும், நெருப்பின் மேல் திரவமாகவே பீய்ச்சுவதற்காக. அதை நிமிர்த்தி வைத்து வெல்டிங்குக்குப் பயன்படுத்தினால் ரெகுலேட்டருக்குள் திரவம் வரும். ரெகுலேட்டரும் கெடும், கேஸும் தாறுமாறாகத் தீரும். உங்களுடையது அப்படியா என்று நிரப்பும் இடத்தில் கேட்டு, அந்தக் குழாயை அவர்களையே கழற்றச் சொல்லுங்கள், அல்லது வெல்டிங் சிலிண்டராகவே மாற்றிக்கொள்ளுங்கள். குழாய் இல்லாத சிலிண்டரைப் படுக்கப் போட்டாலும் இதே நிலைதான், அதனால் நிமிர்த்தி, சங்கிலி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

நிரப்பக் கொடுக்கும்போது கடைத் தராசில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். காலி எடையோடு 4.5 கிலோ கூட்டினால் வரும் எண்தான் வர வேண்டும். அரை கிலோ குறைந்தால் கேளுங்கள். "இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுங்கண்ணே" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சிலிண்டரில் மேலே விட்டிருக்கும் காலியிடம் வெயிலில் திரவம் விரிவதற்காக விட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்த எடையையும் தேதியையும் சுவரில் எழுதிவிட்டு, வால்வை மூடியபடி ஒரு வாரம் விட்டு, அடுத்த ஞாயிறு வேலை தொடங்குமுன் மறுபடி ஒருமுறை எடை போடுங்கள். எண் மாறாமல் இருந்தால் சிலிண்டர் மேல் குற்றமில்லை, மீதியை ஹோஸில் தேடலாம்.